சேறும் ஒரு வயல்தான்: கோடியக்கரையில் ஒரு பறவை நாள்

டெல்டா மாவட்டங்களில் கோடியக்கரையைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடலில் முழுக்குப்போட வண்டி கட்டிக்கொண்டு போன தலைமுறை இன்னும் இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு அது பூங்குழலி படகு விட்ட கரை. வங்கக் கடலை ஒட்டித் தெற்கே இறங்கிவரும் கடற்கரை, சட்டென்று மேற்கே திரும்புகிற முனை அது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு, அதற்கு மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வேதாரண்யம் சதுப்பு. நாகை மாவட்டத்தின் இந்த மூலையில் ஐப்பசி பிறந்ததும் விருந்தாளிகள் வந்து இறங்குகிறார்கள். சைபீரியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும் கரைப்பறவைகள் அவை. பங்குனி வரை தங்கி, வயிறு நிறையத் தின்று, கொழுப்பு ஏற்றிக்கொண்டு, திரும்பிப் போய்விடும்.

அந்த விருந்தாளிகளைப் பார்க்கத்தான், மாசி முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருத்துறைப்பூண்டிக்கு அருகே உள்ள ஒரு கிராமத்திலிருந்து 11 பேர் வேனில் கிளம்பினார்கள். சம்பா அறுவடை முடிந்திருந்தது. தாளடியில் தெளித்த உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. ஒரு நாள் ஊரைவிட்டு நகர முடிகிற இடைவெளி அது. கிளப்பிவிட்டவர், கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி. வந்தவர்களில் மூத்தவர் அவருடைய தாத்தா. மூன்று ஏக்கர் நஞ்சை, இரண்டு மாடு, நாற்பது ஆண்டு விவசாயம்.

"பறவை பார்க்க எதுக்குத் தாயி அவ்வளவு தூரம்? நம்ம வயலுக்கே கொக்கும் மடையானும் வருதே" என்று வேனில் ஏறும்போதே கேட்டார் தாத்தா.

"நம்ம வயலுக்கு வராததும் அங்க வரும் தாத்தா. அதுல ஒண்ணு, இன்னைக்கு உலகத்துலயே சில நூறுதான் இருக்கு" என்றார் பேத்தி.

உப்பளம் தாண்டி

வேதாரண்யத்தைத் தாண்டி அகஸ்தியம்பள்ளிக்குள் நுழையும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. சாலையின் இருபுறமும் உப்பளங்கள். மழைக்காலம் முழுக்க நீரில் கிடந்த பாத்திகளைத் தொழிலாளர்கள் மிதித்துச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்த ராஜாஜி உப்பு அள்ளிக் கைதான இடம் இதுதான். நினைவுத்தூண் சாலையோரமே நிற்கிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்து இங்கே வரும் 37 கிலோமீட்டர் ரயில் பாதையும் அகலப்பாதையாக மாறி, 2023-ல் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது.

அடுத்து கோடியக்காடு. வனத்துறைச் சோதனைச்சாவடியில் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போனால் இரு புறமும் குட்டையான, அடர்ந்த, இலையுதிர்க்காத மரங்கள். உலக்கைப்பாலை அதிகம். 1967-ல் இந்தக் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டதே வெளிமான்களுக்காகத்தான். புல்வெளியில் முறுக்கிய கொம்போடு ஆண்மான் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. அதன் பக்கத்திலேயே உரிமையாளர் இல்லாமல் காட்டில் திரியும் மட்டக்குதிரைகள் மேய்ந்தன. மான் மேய வேண்டிய புல்வெளிக்குள் சீமைக்கருவேலம் நுழைந்துவிட்டதைத் தாத்தா முதலிலேயே கவனித்தார். "இங்கயும் வந்துட்டானா?" என்றார்.

கோடியக்கரை ஊருக்குள் வழிகாட்டி காத்திருந்தார். உப்பளத்தில் வேலை பார்த்தவர். பறவை ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்கு வலை சுமந்து, படகு தள்ளி, பெயர்களைக் கற்றுக்கொண்டவர். மூன்று கால் நிறுத்தியில் பொருத்திய தொலைநோக்கி ஒன்றை அவர் வைத்திருந்தார். மாணவியிடம் கல்லூரியிலிருந்து வாங்கி வந்த பைனாகுலர் இரண்டு. மற்றவர்களுக்குக் கண்தான்.

"வெள்ளைச் சட்டை போட்டவங்க மேல துண்டைப் போர்த்திக்குங்க அய்யா. பேச்சைக் குறைச்சுக்கலாம். கல்லு எறிஞ்சு பறக்கவிட்டுப் பார்க்கக் கூடாது" என்றார் வழிகாட்டி. கடைசியாகச் சொன்னதற்கு அவர் காரணமும் சொன்னார். திரும்பிப் போகும் பயணத்துக்கு இந்தப் பறவைகள் தம் எடையில் பாதியளவுக்குக்கூடக் கொழுப்பு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் கரைகிறது. சேமிப்பில் கைவைத்த மாதிரி.

இரண்டு விரற்கடைத் தண்ணீர்

வேதாரண்யம் சதுப்பு கிழக்கு மேற்காகச் சுமார் 48 கிலோமீட்டர் நீளம். தெற்கே ஒரு மணல்திட்டு அதைப் பாக் நீரிணையிலிருந்து பிரிக்கிறது. மேற்குக் கோடியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. வடக்கே முழுக்கக் காவிரிக் கடைமடை வயல்கள். முத்துப்பேட்டைப் பக்கம் பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு ஆகியவை வந்து சேர்கின்றன. அவை தவிர எத்தனையோ வடிகால்கள். கோடியக்கரையையும் இந்தச் சதுப்பையும் முத்துப்பேட்டையையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு, 2002-ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலம் இதுதான்.

சதுப்பின் ஓரத்து மண்சாலையில் வேன் நின்றபோது தாத்தாவின் கண்ணுக்குத் தெரிந்தது சேறு மட்டும்தான். மரம் இல்லை, புல் இல்லை. ஆங்காங்கே தேங்கிய தண்ணீர், அதன் மேல் மினுங்கும் வெயில். "உவர் தரிசு" என்றார் அவர்.

வழிகாட்டி தொலைநோக்கியைத் திருப்பி, "இப்ப பாருங்க" என்றார்.

சேறு அசைந்துகொண்டிருந்தது. நூறு, இருநூறு என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட வேண்டிய அளவுக்குச் சின்னஞ்சிறு பறவைகள். சாம்பல் முதுகு, வெள்ளை வயிறு, தையல் இயந்திரத்தின் ஊசியைப்போல மேலும் கீழும் போய்வரும் அலகு. கொசு உள்ளான்கள். ஒன்றின் எடை 25 கிராம் சுமாருக்கு இருக்கும், கையளவு நெல்லிக்காய்தான். ஆர்க்டிக் பனிவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 7,000 கிலோமீட்டர் வரும்.

அவற்றுக்குப் பக்கத்தில் உப்புக்கொத்திகள். இவற்றின் அலகு குட்டை, கண் பெரிது. ஓடி, நின்று, பார்த்து, கொத்தும். கொஞ்சம் தள்ளி வளைந்த அலகுள்ள உள்ளான்கள், முட்டியளவு நீரில். அதற்கும் அப்பால் நீண்ட நேரான அலகோடு மூக்கன்கள். இன்னும் தள்ளி, கோழியளவு உடம்பும் அரிவாள்போல வளைந்த 15 சென்டிமீட்டர் அலகுமாகப் பெரிய கோட்டான் ஒன்று தனியே நடந்தது. ஊர்ப்பக்கம் கோட்டான் என்றால் ஆந்தை. கடற்கரையில் கோட்டான் என்றால் இது.

"எல்லாம் ஒரே சேத்துலதான் மேயுது. ஒண்ணோட ஒண்ணு சண்டை போடலையே?" என்று கேட்டார் குழுவில் வந்த ஒரு பெண்.

"நாம வெங்காயத்தையும் துவரையையும் சேர்த்துப் போடுறோமே, அது மாதிரிதான் அத்தை. வெங்காயம் மேல்மண்ணுல எடுத்துக்கும், துவரை ஆழத்துல எடுத்துக்கும். இதுங்களுக்கு வேர் இல்லை, மூக்கு" என்றார் மாணவி.

மேல்பரப்பில் ஊர்வதை உப்புக்கொத்தி எடுக்கிறது. ஒரு விரற்கடை ஆழத்தில் இருக்கும் செந்நிறப் புழுக்களை உள்ளான் எடுக்கிறது. நஞ்சை வயலில் நீர் தேங்கிய சேற்றைக் கிளறினால் தெரியும் அதே சிவப்புப் புழு இனம்தான். இன்னும் ஆழத்தில், மண்புழுவுக்கு உறவான கடல்புழுக்களும் சிறு நண்டுகளும் நீண்ட மூக்குக்காரர்களுக்கு. இவற்றில் பல கண்ணால் பார்த்துத் தின்பதில்லை. அலகின் நுனியில் தொடு உணர்வு உண்டு. ஈரச் சேற்றுக்குள் அலகை நுழைத்ததும் உள்ளே புழு இருக்கும் இடம் தெரிந்துவிடும். சேறு காய்ந்து இறுகினால் அலகு இறங்காது. தண்ணீர் ஏறினால் கால் எட்டாது. கொசு உள்ளானுக்கு இரண்டு விரற்கடைக்கு மேல் தண்ணீர் ஆகாது.

தாத்தா இதைக் கேட்டு நிமிர்ந்தார். செம்மை நெல் சாகுபடிக்கு இரண்டரை சென்டிமீட்டர் நீர் கட்டச் சொல்லி வேளாண்துறையினர் வந்து அளந்து காட்டியது அவருக்கு நினைவிருக்கிறது. "அட, நம்ம ஒத்தை நாத்துக் கணக்குதான் இதுக்கும்" என்றார். அதற்குப் பிறகு அவர் தொலைநோக்கியை விட்டு நகர ஒரு மணி நேரம் ஆனது.

கரண்டி மூக்கைத் தேடி

மாணவி தேடி வந்தது கரண்டிமூக்கு உள்ளானை. உடம்பில் கொசு உள்ளானைவிடச் சற்றுப் பெரிது, நிறத்தில் அதே சாம்பலும் வெள்ளையும். வித்தியாசம் அலகில் மட்டும். நுனி கரண்டிபோலத் தட்டையாக விரிந்திருக்கும். ரஷ்யாவின் தூரக் கிழக்கில், சுகோட்கா, கம்சட்கா கடலோரங்களில் மட்டும் முட்டையிடுகிறது. பனிக்காலத்தில் வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து கடலோரச் சேறுகளுக்கு வருகிறது. சென்ற நூற்றாண்டில் கோடியக்கரையிலும் பதிவாகியிருக்கிறது. இப்போது உலகம் முழுவதிலும் சேர்த்துச் சில நூறுதான் மிச்சம்.

தேடுவது என்றால் எண்ணுவதுதான். ஆயிரம் உள்ளான்களில் ஒன்று வேறாக இருக்கலாம் என்ற நம்பிக்கையில் ஒவ்வொன்றின் மூக்கையும் பார்க்க வேண்டும். பூச்சி தாக்கிய கதிரைத் தேடி வயலை வரிசை வரிசையாகப் பார்ப்பதைப் போன்ற வேலை. மாணவியும் வழிகாட்டியும் கூட்டத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

ஒன்பது மணியளவில் மாணவி மூச்சை இழுத்துப் பிடித்தார். "அண்ணே, அந்தக் குச்சிக்கு இடப்பக்கம், ஏழாவது. மூக்கு நுனி அகலமா இருக்கு."

வழிகாட்டி தொலைநோக்கியை அங்கே கொண்டுபோனார். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பறவை முதுகைக் காட்டியது. திரும்பியது. மறுபடி முதுகைக் காட்டியது. பத்து நிமிடம் போனது. பிறகு அது தண்ணீருக்கு வந்து அலகை இரண்டு முறை அலசியது. நுனியில் ஒட்டியிருந்த சேற்றுக் கட்டி கரைந்தது. மெல்லிய ஊசி மூக்கு. சாதாரணக் கொசு உள்ளான்.

யாரோ சிரித்தார்கள். மாணவி சிரிக்கவில்லை. "பெரிய பெரிய ஆளுங்களையே இந்தச் சேறு ஏமாத்தியிருக்கும்மா. மூக்கைக் கழுவுற வரைக்கும் காத்திருக்கிறதுதான் முறை. நீ காத்திருந்த" என்றார் வழிகாட்டி.

கரண்டிமூக்கு அன்று கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் பத்தரை மணிக்கு வேறொன்று கிடைத்தது. சின்ன உள்ளான்களுக்கு நடுவே, அவற்றைப்போல மூன்று மடங்கு பருமனாய், நேரான கறுத்த அலகும் மார்பில் கரும்புள்ளிகளும் கொண்ட இரண்டு பறவைகள் மெதுவாக நடந்தன. வழிகாட்டி கைப்பேசியில் படம் பார்த்து, கால் நிறம் பார்த்து, அலகின் நீளம் பார்த்து, பிறகே சொன்னார். ஆங்கிலத்தில் 'கிரேட் நாட்' எனப்படும் பெரிய உள்ளான். இந்தியக் கரைகளில் கொஞ்சமாகவே தென்படுவது. உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள பறவைகளின் பட்டியலில் இருப்பது.

அது ஏன் அந்தப் பட்டியலுக்குப் போனது என்ற கதை, கேட்டுக்கொண்டிருந்த விவசாயிகளைச் சற்று நெளியவைத்தது. வடகிழக்குச் சைபீரியாவில் முட்டையிடும் இந்தப் பறவைகளின் பெருங்கூட்டம் ஆஸ்திரேலியாவுக்குப் போய் வருகிறது. வழியில் சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடைப்பட்ட மஞ்சள் கடலின் சேற்றுக் கரைகளில் இறங்கித் தின்று பலம் ஏற்றிக்கொள்ளும். தென் கொரியாவில் சேமாங்கம் என்ற இடத்தில் இரண்டு ஆறுகள் கலக்கும் முகத்துவாரச் சேற்றை 33 கிலோமீட்டர் நீளக் கடல் சுவர் எழுப்பி மறித்தார்கள். 2006-ல் சுவர் மூடப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் அங்கே வந்த பெரிய உள்ளான்கள் குறைந்தன. வேறு இடத்துக்குப் போய்ப் பிழைத்திருக்கலாம் என்று எண்ணியவர்கள் ஆஸ்திரேலியக் கரையில் எண்ணிப் பார்த்தார்கள். அங்கேயும் குறைந்திருந்தது. அந்தச் சேற்றை முதலில் எதற்காக மீட்கத் திட்டமிட்டார்கள் என்றால், நெல் விளைவிக்க.

"நெல்லுக்கா?" என்றார் தாத்தா. வேறெதுவும் சொல்லவில்லை.

காலில் வளையம்

பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறி, சேற்றின் மேல் காற்று நெளியத் தொடங்கியதும் தொலைநோக்கியில் எதுவும் தெளிவாகத் தெரியாது. ஊருக்குத் திரும்பி, வேப்பமர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், வழிகாட்டியின் வீட்டிலிருந்து மீன் குழம்பு.

ஒரு பறவை 7,000 கிலோமீட்டர் போகிறது என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி அங்கேதான் வந்தது. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1883-ல் தொடங்கப்பட்டது. பறவை ஆய்வாளர் சாலிம் அலியின் வழிகாட்டுதலில் அந்தக் கழகத்தார் 1960-களிலிருந்து கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, விட்டுவருகிறார்கள். நுண்ணிய வலையில் சிக்கும் பறவையை எடை போட்டு, இறக்கை அளந்து, எண் பொறித்த இலேசான உலோக வளையத்தை மாட்டுவார்கள். அதில் கழகத்தின் பெயரும் இருக்கும். அதே பறவை அடுத்த ஆண்டு இங்கேயே வலையில் சிக்கலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ ஒருவர் கையில் கிடைக்கலாம். அவர் எண்ணை எழுதிப்போட்டால் கணக்கு நேராகிறது.

வழிகாட்டியின் அனுபவத்தில், சுற்றுவட்டார வயல்களிலும் இப்படி வளையமிட்ட பறவைகள் கிடைத்ததுண்டு. கிடைத்தவர்கள் சொல்லப் பயப்படுவார்கள். உள்ளான், மடையான் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் நம்மேல் வழக்கு வருமோ என்று. "செத்துக் கெடந்ததைப் பார்த்துச் சொல்றவங்க மேல யாரு வழக்குப் போடப் போறா? எண்ணைச் சொன்னா அது பறந்த தூரம் தெரியும். சொல்லாம விட்டா அது வந்ததே இல்லைன்னு ஆயிடும்" என்றார் அவர்.

கடலுக்குப் போற தண்ணி

கோடியக்கரையில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த பறவையியலாளர்கள், 1980-களோடு ஒப்பிட்டால் சிறு உள்ளான்களின் கூட்டம் பெரிதும் சுருங்கிவிட்டதாகப் பதிவு செய்திருக்கிறார்கள். சதுப்புக்கு வந்த நன்னீர் குறைந்ததையும், உவர்ப்பு ஏறியதையும், உப்பளங்கள் பரவியதையும் காரணங்களாகச் சொல்கிறார்கள். உப்பு மிக அதிகமான நீரிலும் சில உயிர்கள் வாழும். சிறு இறால் இனமான ஆர்ட்டீமியா அதில் ஒன்று. பூநாரைக்கு அது போதும். தலையைக் கவிழ்த்து அலகால் சலித்துத் தின்னும். ஆனால் உள்ளானுக்கு வேண்டிய செந்நிறப் புழுவும் கடல்புழுவும் அந்த உப்பைத் தாங்காது. மழைநீரும் ஆற்று நீரும் வந்து கடல்நீரோடு கலந்து, உப்பும் இல்லாமல் நன்னீரும் இல்லாமல் நடுத்தரமாக இருக்கும் மாதங்களில்தான் அவை பெருகும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வடிந்து வந்தால் மார்கழியில் புழு. புழு இருந்தால் மாசியில் பறவை.

இதைக் கேட்டதும் சாப்பாட்டுக்கு மேல் ஒரு வாக்குவாதம் வந்தது.

"கடலுக்குப் போற தண்ணி வீணுன்னு நாப்பது வருசமா பேசிக்கிட்டிருக்கோம். இப்ப குருவிக்காகக் கடலுக்கு விடச் சொல்றீங்களா? கடைமடைக்கு ஆடியில தண்ணி வந்து சேர்றதுக்குள்ள உசுரு போவுது" என்றார் நடுவயதுக்காரர் ஒருவர். அவர் சொன்னதில் தவறில்லை. குறுவைக்குத் தண்ணீர் இல்லாமல் காய்ந்த வயல் அவருடையது.

வழிகாட்டி உடனே பதில் சொல்லவில்லை. தன் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொன்னார். கோடியக்காட்டிலும் வேதாரண்யம் சுற்றுப்புறத்திலும் மணல் மேடுகளுக்கு அடியில் மழைநீர் ஊறி நிற்கும். அதற்குக் கீழே உப்புநீர். நன்னீர் எடை குறைவு, அதனால் மேலே மிதக்கிறது. அந்த மேல்நீரை நம்பித்தான் முல்லையும் மாவும் தென்னையும் இங்கே விளைகின்றன. மேலே ஊறுவது குறைந்தால், அல்லது மோட்டார் வைத்து அளவுக்கு மீறி இறைத்தால், உப்பு மேலேறும். "சதுப்புல நல்ல தண்ணி நெறஞ்சு நின்ன வருசம் எங்க கெணறு சித்திரை வரைக்கும் குடிக்கலாம். சரியா வராத வருசம் பங்குனியிலேயே கரிக்கும். உள்ளான் எந்த வருசம் கம்மியோ அந்த வருசம் எங்க வீட்டுப் பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு நடப்பாங்க. நான் ரெண்டையும் சேர்த்தேதான் பார்த்திருக்கேன் அய்யா."

கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு தாத்தா பேசினார். ஆடித் தண்ணீரையும் கார்த்திகைத் தண்ணீரையும் ஒன்றாகப் பேசக் கூடாது என்றார் அவர். ஆடியில் வருவது பாசனம். அதில் ஒரு சொட்டும் விட முடியாது. கார்த்திகையில் வயல் மூழ்கிக் கிடக்கும்போது வருவது வடிகால். அதை வெளியேற்ற முடியாமல் தவிப்பதும் இதே விவசாயிதான். வடிகால் தூர்ந்து, ஆகாயத்தாமரை அடைத்து, கருவேலம் மண்டிக் கிடந்தால் பயிர் அழுகும், சதுப்புக்கும் நீர் போய்ச் சேராது. "வடிகாலைத் தூர்வாரச் சொல்லி மனு கொடுக்கிறோமே, அது நமக்கு மட்டும் இல்லை போலிருக்கே" என்றார்.

பேத்தி இன்னொன்றையும் எடுத்தார். அந்த வடிகாலில் தண்ணீர் மட்டும் போவதில்லை. நெல்லுக்குக் குருணை மருந்து போட்ட மறுநாள் மழை வந்து மடையைத் திறந்தால், வயலில் நிற்க வேண்டிய மருந்து வாய்க்காலுக்குப் போகிறது. பூச்சியைக் கொல்வதற்குப் போட்டது கீழே சேற்றுப் புழுவையும் கொல்லும். பணத்தைக் கரைத்துக் கடலில் விட்ட கணக்கு. மருந்து போட்ட பிறகு சில நாட்கள் நீரை வெளியேற்றாமல் மடையை அடைத்து வைப்பது பயிருக்கும் நல்லது, செலவுக்கும் நல்லது. வானிலை அறிவிப்பைப் பார்த்து, மழை வரும் நாளில் தவிர்க்கலாம். தேவையில்லாத மருந்தைக் குறைத்து வேப்பங்கொட்டைச் சாறு, விளக்குப் பொறி, கரிச்சான் உட்காரப் பறவைத் தாங்கி என்று போனால் இன்னும் நல்லது.

"அப்ப நம்ம வயலு மடைக்கும் அந்தச் சைபீரியாக் குருவிக்கும் கணக்கு இருக்குங்கிற" என்றார் தாத்தா.

"இருக்கு தாத்தா. நடுவுல ஒரு வாய்க்கால்தான்."

வெயில் தாழ்ந்த பிறகு

நான்கு மணிக்கு மறுபடி சதுப்பு. இந்த முறை ஆழமான நீர்ப்பக்கம். தொலைவில் நீண்ட வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, தொலைநோக்கியில் பூநாரைக் கூட்டமாக மாறியது. குஜராத்தின் கட்ச் பாலையில் கூடுகட்டும் பறவை இது. கழுத்தை மடித்து, தலையைக் கவிழ்த்து, ஒரே தாளத்தில் நடந்தன. ஏதோ அரவத்துக்கு இறக்கையை விரித்தபோது கறுப்பும் இளஞ்சிவப்புமாக நீர்ப்பரப்பு பற்றியெரிவதைப் போல இருந்தது. வந்தவர்களில் கைதட்டப் போன சிறுவனின் கையைத் தாத்தா பிடித்துக்கொண்டார்.

கடற்கரையில் மணல் திட்டின் மேல் ஆலாக்கள் காற்றுக்கு முகம் காட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றில் சிவந்த தடித்த அலகோடு காக்கையைவிடப் பெரிதாக இருந்தவை காஸ்பியன் ஆலாக்கள். மாணவியின் நோட்டில் அன்று 43 இனங்கள் ஏறின. கரண்டிமூக்கு உள்ளானுக்கு நேரே ஒரு கோடு. பெரிய உள்ளானுக்கு நேரே 2.

இன்னும் ஆறேழு வாரத்தில் இந்தச் சேற்றிலிருந்து கிளம்பும் உள்ளான்கள் வடக்கே போய்விடும். பனி உருகும் நாளுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் குஞ்சுக்குத் தீனி கிடைக்கும். எப்போது கிளம்புவது என்பதை, இங்கே எவ்வளவு தின்ன முடிந்தது என்பதே முடிவு செய்கிறது. அதை முடிவு செய்வது சேற்றில் இருக்கும் புழு. புழுவை முடிவு செய்வது கார்த்திகையில் வடக்கேயுள்ள வயல்களிலிருந்து வடிந்து வரும் தண்ணீர், அதன் அளவும் அதன் தூய்மையும். கடைமடை விவசாயி தன் வடிகாலைப் பராமரிப்பது தன் பயிருக்காகத்தான். அதன் பலன் எதுவரை போகிறது என்பதைச் சதுப்பில் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும்.

போக விரும்புகிறவர்களுக்கு

எப்போது: கார்த்திகை முதல் மாசி வரை. பெருமழை நாட்களில் மண்சாலையில் வண்டி போகாது. கரைப்பறவைகளைப் பார்க்க, மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கும் தை, மாசி மாதங்கள் நல்லது. காலை விடிந்ததிலிருந்து பத்தரை மணி வரையும், மாலை நான்கு மணிக்கு மேலும் பார்க்கலாம்.

எப்படி: வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் பேருந்து உண்டு. ரயிலில் வருகிறவர்கள் அகஸ்தியம்பள்ளியில் இறங்கலாம். சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். சதுப்புக்குள் போகும் பாதைகளுக்குத் தனி அனுமதி தேவையா என்று அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வழி தெரியாமல் சேற்றில் இறங்க வேண்டாம், கால் புதையும்.

எடுத்துப் போக: குடிநீர், தொப்பி, மங்கலான நிறத்தில் உடை, பைனாகுலர் ஒன்று. கடையில் வாங்க முடியாதவர்கள் பக்கத்துப் பள்ளி, கல்லூரி இயற்கை மன்றங்களில் கேட்டுப் பார்க்கலாம். பிளாஸ்டிக் பைகளைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். மான் அதைத் தின்னும்.

வளையமிட்ட பறவை கிடைத்தால்: உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றாதீர்கள். எண்ணை எழுதிக்கொண்டு விட்டுவிடுங்கள். இறந்திருந்தால் வளையத்தைப் படம் எடுத்து, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றோடு அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்துக்கோ மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கோ தெரிவியுங்கள். உங்கள் வயலில் கிடைத்த ஓர் எண், ஒரு பறவையின் முழுப் பயணத்தையும் சொல்லக்கூடும்.